மூன்று செக்கன் முழக்கம்

பாரிஸ் லா சப்பலில் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது. பழைய மோட்டார்த் திருத்தகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தரைக்கு மாபிள் பதித்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு மேடையும் கட்டியிருந்தார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மேடையில் யார் பேசினாலும் கீழே இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. மைக்கைக் கூட்டினால் இன்னும் மோசம். கலியாண வாழ்த்தும் அஞ்சலி உரையும் இங்கே ஒரே மாதிரித்தான் என்று பெண்கள் பகிடி பண்ணினார்கள்.

2018 புரட்டாதியில் ஒருநாள் சங்கத் தலைவர் ஞானரட்ணம் வசந்தரூபிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, நீங்கள் சத்தம் அளக்கிற வேலையோ செய்யிறியள்? வதனாதான் நம்பர் தந்தவ."

"ஓம் அண்ணை."

"எங்கடை மண்டபத்தை ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ? அரியநாயகம் ஐயா என்னை நித்திரை கொள்ள விடுறார் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலையும் எழும்பி, மண்டபம் சரியில்லை, மண்டபம் சரியில்லை எண்டு நிக்கிறார்."

வசந்தரூபி வருவதாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். லா சப்பல் பக்கம் அவள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் 2009 முடியும்போது வன்னியிலிருந்து வந்தவள். பிரெஞ்சு மொழி படித்து, அளவீட்டுத் தொழில்நுட்பம் படித்து, பெர்னார் என்பவரின் சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பாடசாலைச் சாப்பாட்டுக் கூடங்கள், இசைப்பள்ளிகள், நகரசபை மண்டபங்கள் என்று போய், அங்கே ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து அறிக்கை எழுதுவது வேலை. டேமியன் என்ற புதுச்சேரிப் பையனைக் கலியாணம் செய்தாள். மூன்று வருடத்தில் பிரிந்தார்கள். சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. அவன் மெல்ல மெல்ல வீட்டில் பேசுவதை நிறுத்தி, பிறகு வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினான். அதன் பிறகு கலியாண வீடு, பூப்புச் சடங்கான சாமத்திய வீடு என்று அவள் எங்கேயும் போகவில்லை. புறநகர் ஆர்ஜொந்தெயில் ஒற்றை அறை வீடு. வேலைக்குப் போவாள், வருவாள். கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை கதைப்பாள். மற்ற நாட்களில் அவள் வாயில் தமிழ் வருவது அரிது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெர்னாரிடம் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். மண்டபத்துக்குள் நுழைந்து ஒருமுறை கை தட்டினாள். தட்டிய சத்தம் மேலே கண்ணாடிக் கூரைக்குப் போய், சுவருக்குச் சுவர் அலைந்து, வெகு நேரம் எடுத்து ஆறுதலாகச் செத்தது.

"இதுக்குள்ளை எப்பிடி அண்ணை கூட்டம் வைக்கிறியள்?"

"வைக்கிறம். விளங்கிறதுதான் இல்லை," என்றார் ஞானரட்ணம்.

எதிர்முழக்கத்தை அளக்கிறவர்கள் பலூனை ஊதி உடைப்பார்கள். அந்த வெடிப்பு அடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. வசந்தரூபி பலூன் பாவிப்பதில்லை. ஏன் என்று பெர்னார் ஒருமுறை கேட்டார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்கவில்லை. அவள் ஒலிபெருக்கி ஒன்றை நடுவில் வைத்து, அதிலிருந்து நிலத்தடி உறுமல் போலத் தொடங்கி விசில் வரைக்கும் ஏறிப் போகும் ஒரு நீண்ட ஒலியை விடுவாள். சற்று மெனக்கெட்ட வேலை. ஆனால் யாரும் திடுக்கிடத் தேவையில்லை.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியிலை நிண்டியளெண்டால் நல்லது," என்றாள்.

ஞானரட்ணமும் கதிரை அடுக்க வந்திருந்த இரண்டு பேரும் வெளியே போனார்கள். முதல் வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் அசையவில்லை. அறுபத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் தொப்பி. இவர்தான் அரியநாயகம் ஐயாவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போனாள். அவர் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, சத்தம் பலமாய் வரும். வெளியிலை நிக்கிறியளோ?"

"நான் இருக்கிறன் பிள்ளை. அசைய மாட்டன். அளவு ஒழுங்காய் நடக்குதோ எண்டு ஒரு சாட்சி வேணும்தானே."

அவள் காதுக்குள் வைக்கும் பஞ்சை நீட்டினாள். வேண்டாம் என்று சிரித்தார். "முப்பது வருசம் ரெஸ்டோறண்ட் குசினியிலை கோப்பை கழுவிற மெசினுக்குப் பக்கத்திலை நிண்டனான். உந்தச் சத்தம் என்னை என்ன செய்யும்?"

ஒரு ஆள் அசையாமல் இருப்பதால் கணக்கில் பெரிய மாற்றம் வராது. அவள் கருவியை முடுக்கினாள். உறுமல் எழும்பியது. தரை அதிர்ந்தது. ஒலி மெல்ல ஏறி, மனிதக் குரலின் உயரத்தைத் தாண்டி, கூர்மையாகி, பஞ்சு வைத்த அவளுடைய காதுக்கே உறைத்தது. அப்போது அரியநாயகம் கதிரையில் திரும்பி அவளைப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

ஒலி முடியவில்லை. உச்சத்தில் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவள் வாய்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு மேடையைப் பார்த்தபடி இருந்தார்.

வயது போனால் உச்ச ஒலிகள் கேட்காமல் போவது வழமைதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவ்வளவு முந்தியே ‘முடிஞ்சுதோ’ என்று அவர் கேட்டிருக்கக்கூடாது.

முழக்கம் அடங்க மூன்று செக்கனுக்கு மேல் பிடித்தது. பேச்சுக்கு அது மிக அதிகம். ஒரு சொல்லின் வால் அடங்குமுன் அடுத்த சொல்லும் அதற்கடுத்ததும் அதன் மேல் ஏறி விழும். இலக்கம் சொன்னால் சங்கத்து ஆட்களுக்கு விளங்காது என்று நினைத்து, சொற்பரீட்சை ஒன்றும் வைத்தாள். இருபது பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாளும் பேனையும் கொடுத்தாள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் வதனா மேடையில் நின்று இருபது சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். கேட்டதை எழுத வேண்டும். உதட்டைப் பார்த்து யாரும் ஊகிக்கக்கூடாது என்பதற்காக வதனா முகத்துக்கு முன்னால் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அந்தப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு நிக்குது?" என்று முதல் வரிசையிலிருந்து அரியநாயகம் கேட்டார்.

"அதுதான் ஐயா முறை."

"என்ன முறையோ," என்று முணுமுணுத்தார்.

எல்லாருமே பாதிக்கு மேல் பிழை விட்டார்கள். பழம் என்பதைப் படம் என்றும் பள்ளம் என்றும் எழுதியிருந்தார்கள். ஞானரட்ணமே பதினொன்று பிழை. அரியநாயகம் பன்னிரண்டு. தாள்களைத் திருத்தி முடித்து அவள் சொன்னபோது அவர் எழுந்து நின்று எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னனான் எல்லே! இப்ப படிச்ச பிள்ளையே சொல்லுது. மண்டபம்தான் பிழை."

அவருடைய முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை வசந்தரூபி பிறகு பல தடவை நினைத்துப் பார்த்தாள்.

கார்த்திகை மாதம் முழுக்க வேலை நடந்தது. கூரைக்குக் கீழே அமுக்கிய பஞ்சுப் பலகைகளைத் தொங்கவிட்டார்கள். பின்சுவருக்குத் தடித்த திரை. மேடைக்கு முன்னால் கம்பளம். எங்கே எது வேண்டும் என்று வசந்தரூபி வரைந்து கொடுத்தாள். சனிக்கிழமைகளில் வந்து நின்று காட்டியும் கொடுத்தாள். அரியநாயகம் ஒருநாளும் தவறாமல் வந்தார். ஏணி பிடித்தார், பலகை தூக்கினார், எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தார். அவளை வேறு யாரும் கேட்காத கேள்விகள் கேட்டார். பஞ்சு எப்படிச் சத்தத்தைத் தின்னும்? தின்ற சத்தம் எங்கே போகும்? அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், சத்தம் வெப்பமாய் மாறிவிடும் என்று. அவர் நம்பவில்லை.

வேலை முடிந்ததும் அவள் மறுபடி அளந்தாள். முழக்கம் ஒரு செக்கனுக்குக் குறைந்திருந்தது. அதே இருபது பேர், அதே மட்டை, வேறு சொற்கள். வதனா முதல் சொல்லை வாசித்தவுடனேயே பின்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு துலக்கமாக இருந்தது.

வசந்தரூபி மேடை ஓரத்தில் இருந்து தாள்களைத் திருத்தினாள். ஒரு பிழை. இரண்டு பிழை. ஒன்றுமில்லை. ஒரு பிழை. பிறகு அரியநாயகத்தின் தாள் வந்தது. பன்னிரண்டு.

அவள் அந்தத் தாளைத் திரும்பவும் பார்த்தாள். வதனா சிலை என்றதற்கு அவர் இலை என்று எழுதியிருந்தார். சாடைக்கு ஆடை. சாறுக்கு ஆறு. தாடிக்கு ஆடி. அழகான உறுதியான எழுத்து. எழுதும்போது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ‘ச’வும் ‘த’வும் வதனாவின் வாயிலிருந்து புறப்பட்டு, முதல் வரிசையில் இருக்கும் அவரிடம் வந்து சேரவே இல்லை.

அவள் பொதுவாக முடிவைச் சொன்னாள். கை தட்டினார்கள். எல்லாரும் தேத்தண்ணி குடிக்க லூயி-பிளாங் தெருப் பக்கம் கிளம்பினார்கள். அரியநாயகம் போகவில்லை. கருவிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு எத்தினை, பிள்ளை?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பன்னிரண்டு ஐயா."

"சரியோ?"

"பிழை."

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப இன்னும் சரிவரேல்லை. அந்தப் பக்கமும் பலகை போடவேணும். அதோடை அந்தப் பிள்ளை மெல்லமாய் வாசிச்சது."

"ஐயா," என்று அவள் அவருக்கு நேரே நின்று, முகத்தை அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "மண்டபம் இப்ப நல்லாய் இருக்கு. மற்ற ஆக்களுக்கெல்லாம் கேக்குது. நீங்கள் ஒருக்கா காது வைத்தியரிட்டைக் காட்டினால் நல்லது."

அவர் கதிரையில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலுக்கும் இல்லை. தொலைபேசி எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று ஞானரட்ணம் சொன்னார். "கோவக்காரன். மண்டபம் சரியாய்ப் போன பிறகு வாறார் இல்லை, பாத்தியளே," என்று சிரித்தார். வசந்தரூபிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டாள்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை கார் து நோர் நிலையத்தில் ரயில் எடுத்து அவர் இருந்த எபினேக்குப் போனாள். நான்காம் மாடி. கதவுக்கு வெளியிலேயே தொலைக்காட்சி அலறுவது கேட்டது. மணியை அழுத்தினாள். தட்டினாள். தொலைபேசி எடுத்தாள், அது உள்ளே அடிப்பது அவளுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் படிக்கட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வெளியே வந்து, அந்தக் கதவைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, படியிறங்கிப் போனாள்.

கன நேரம் கழித்துக் குப்பைப் பையோடு அரியநாயகம் கதவைத் திறந்தார். அவளைக் கண்டு திகைத்தார்.

"எப்ப பிள்ளை வந்தனீர்?"

"இப்பதான் ஐயா."

குசினியில் இருத்தித் தேத்தண்ணி போட்டார். தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிக் கையால் காட்டினாள். நிறுத்தினார். வீட்டுக்குள் சாமான் குறைவு. சுவரில் மனைவியின் படம், மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணும் சின்னப் பிள்ளையும் கடற்கரையில் நிற்கும் படம்.

"என்ரை மகள் பேர்ளி. துலூஸிலை இருக்கிறாள்," என்றார். சற்றுப் பொறுத்து, "இப்ப எடுக்கிறேல்லை," என்றார்.

அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"போன மாசியிலை எடுத்தவள். கன நேரம் கதைச்சாள். எனக்கு டெலிபோனிலை ஒண்டும் பிடிபடுறேல்லை. குரல் வரும், சொல்லு வராது. நான் வழமையாய் ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருப்பன். அண்டைக்கும் அப்பிடித்தான். கடைசியிலை, நல்லது பிள்ளை, சந்தோசம் எண்டு சொல்லி வைச்சிட்டன்."

தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"மனிசன் விட்டிட்டுப் போட்டான் எண்டு சொல்லியிருக்கிறாள். அழுதிருக்கிறாள். நான் சந்தோசம் எண்டு சொல்லியிருக்கிறன். வைகாசியிலை அவளின்ரை சிநேகிதி ஒருத்தியைக் கடையிலை கண்டு, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

மனிசன் போய்விட்டான் என்று தொலைபேசிக்குள் சொல்வது எப்படி என்று வசந்தரூபிக்குத் தெரியும். தான் பிரிந்ததை அவள் சொன்னபோது அம்மா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

"எழுதியிருக்கலாமே ஐயா?"

"அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்குப் பிரெஞ்சு எழுத வராது. வேறை ஆரிட்டையும் குடுத்து எழுதுவிக்கிறதோ இதை?"

"காது கேக்கிறேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"எனக்கே தெரியாதே பிள்ளை," என்றார். குரல் உயர்ந்தது. "டெலிபோன் பழசு எண்டு நினைச்சன். ஊரிலை இருக்கிற சனமெல்லாம் மெல்லமாய்க் கதைக்குது எண்டு நினைச்சன். மண்டபத்திலை ஒருத்தருக்கும் விளங்கிறேல்லை. எனக்கும் விளங்கிறேல்லை. அங்கை வந்தால் நான் மற்ற ஆக்களைப் போலைதான் இருந்தன். அந்த ஒரு இடம்தான் இருந்தது."

வெளியே ட்ராம் போனது. அது அவருக்குக் கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொன்னால், மண்டபத்தைத் திருத்தியதற்கு மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். "நான் வாறன். வைத்தியரிட்டைச் சேர்ந்து போவம்," என்றாள்.

மாசி மாதம் போனார்கள். பஞ்சு பொதிந்த சிறு அறைக்குள் அவரை இருத்திக் காதுக்குள் ஒலிகள் விட்டார்கள். வசந்தரூபி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். கேட்கும்போது கை தூக்க வேண்டும். அவர் கவனமாக, பரீட்சைக்கு வந்த மாணவனைப் போல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். முதலில் கை அடிக்கடி உயர்ந்தது. பிறகு கீழேயே கிடந்தது. கருவி ஒலி விட்டுக்கொண்டிருந்தது. அவர் இன்னும் காத்திருந்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"நான் பாஸோ?" என்று வெளியே வந்து கேட்டார்.

மெசின் சத்தத்தில் பல வருடம் நின்ற காது என்று வைத்தியர் சொன்னார். போனது திரும்பி வராது. காதுக்கருவி போட்டால் பேச்சு ஓரளவு பிடிபடும்.

கருவி வந்த முதல் நாள் இருவரும் கார் து நோரில் இறங்கினார்கள். ரயில் பிறேக் போட்டபோது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றார். "இவ்வளவு சத்தத்துக்குள்ளையோ நீங்கள் எல்லாரும் இருக்கிறியள்?" என்றார். ஒரு பக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பேர்ளிக்கு எடுத்ததைப் பங்குனியில்தான் சொன்னார்.

"காது கேளாமல் போட்டுது, அண்டைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கேல்லை எண்டு சொன்னன். அவள், பிறகு எடுக்கிறன் பப்பா எண்டிட்டு வைச்சிட்டாள்."

"எடுத்தவவோ?"

"இன்னும் இல்லை."

அடுத்த கிழமையும் எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமை எடுத்தாள். என்ன கதைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, வசந்தரூபியும் கேட்கவில்லை. கோடைக்கு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். அவள் நம்பினாளோ தெரியாது, ஆனால் பேத்தியோடு கதைக்க விட்டவள் என்றார். ஆனியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு துலூஸுக்குப் போனார். போனவர் அங்கேயே ஒரு மாதத்துக்கு மேல் நின்றுவிட்டார்.

அந்த ஆனி மாதக் கடைசியில் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஆட்கள் நிறைந்திருக்கும்போது ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று வசந்தரூபி முன்பே சொல்லியிருந்தாள். மனித உடம்பும் உடுப்பும் பஞ்சைப் போலவே ஒலியை வாங்கும். ஞானரட்ணம் மேடையில் ஏறி, கொஞ்ச நேரம் எல்லாரும் வாய் திறக்கக்கூடாது என்றார். இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒலி ஏறி, உச்சத்தைத் தொட்டு, அடங்கியது. அவளுடைய வேலைக்காலத்தில் அவ்வளவு நல்ல இலக்கம் அவளுக்கு வந்ததில்லை.

"சாப்பிட்டுத்தான் போகவேணும் அக்கா," என்று வதனா கையைப் பிடித்து இழுத்து ஒரு மேசையில் இருத்தினாள். இடியப்பமும் சொதியும் வந்தன. பக்கத்தில் இருந்த பெண்கள் கதைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எதிரே இருந்த மேரிறோஸ் என்ற பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்கடை மனிசன் வரேல்லையோ?"

மெல்லத்தான் கேட்டாள். பழைய மண்டபமாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி மேசையைத் தாண்டியிராது. இப்போது பக்கத்து மேசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாங்கள் பிரிஞ்சிட்டம் அக்கா," என்றாள் வசந்தரூபி. அதுவும் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

மேரிறோஸ், "சொதி காணுமோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னும் ஒரு கரண்டி விட்டாள். மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து கதைக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருத்தியின் வீட்டு வாடகைப் பிரச்சினை. வசந்தரூபிக்கு அந்த ஆட்கள் யாரையும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பது சிரமமாக இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினாள். செய்ன்-லசார் நிலையத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது. கருவிப்பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ரயில்பெட்டிக்குள் அவளைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நித்திரை, மற்றவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்ஜொந்தெய் வரும்வரை யாரும் பேசவில்லை.